ஏடும் எழுத்தும் மொழியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிப் பனுவல்களும் அரிய நூல் நூலகரின் பணியும்

1. முன்னுரை

பல்கலைக்கழக நூலகங்களில் அரிய நூல் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தும் நூலகரின் பணி பெரும்பாலும் பாதுகாப்புப் பணியாகவே எண்ணப்படுகிறது. ஏட்டைத் தூய்மை செய்தல், புல்லெண்ணெய் தடவுதல், விளக்குக்கரி தேய்த்து எழுத்தைத் துலங்கச் செய்தல், பூச்சி அண்டாமற் காத்தல், நுண்படமோ மின்படியோ எடுத்துவைத்தல் ஆகியன அப்பணியின் புறக்கூறுகள். இவற்றினும் முதன்மையான அகக்கூறு ஒன்று உண்டு. தம்முன் வைக்கப்பட்ட சுவடிக்கட்டு எந்நூல், எம்மொழியினது, எவ்வகையினது என முதன்முதலில் தீர்மானித்துப் பதிவு செய்பவர் நூலகரே. பதிப்பாசிரியர், உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய அனைவரும் அவர் எழுதிவைத்த பதிவின் வழியாகவே அப்பனுவலை அடைகின்றனர். எனவே பட்டியற் பதிவு என்பது ஒரு பனுவல் பெறும் முதல் திறனாய்வு எனலாம்.

இம்முதல் திறனாய்வு பிழைபடின் நேர்வது யாது? நூல் அழிவதில்லை, ஆனால் காணாமற் போகிறது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைதல் வேண்டும் என்னும் கருத்தை, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக அமைத்தார். பதிவின் பிழை இவ்விதியையே செயலிழக்கச் செய்கிறது.

இரு மொழிகள் அடுத்தடுத்தும் கலந்தும் வழங்கும் எல்லைப்பகுதிகளில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே கொங்கு நாட்டோடு தொடர்புற்ற சிற்றூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பகுதிகளும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலுள்ள தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கிப் பகுதிகளும் அத்தகையன. இப்பகுதிகளின் பனுவல்களைப் பட்டியலிடுவதில் கையாளப்படும் முறைகளை மொழியியல் நோக்கில் மதிப்பிடுவதும், மாற்று முறை ஒன்றனை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. எழுத்தை மொழியாகக் கொள்ளுதல்

எழுத்து வேறு, மொழி வேறு என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். ஆயினும் பட்டியற் பணியில் இவ்வேறுபாடு எளிதில் மறக்கப்படுகிறது. ஏட்டைப் பிரித்தவுடன் கண்ணிற்படுவது எழுத்து. மொழியோ படித்துப் பொருளுணர்ந்த பின்னரே புலனாவது. நாள்தோறும் பல கட்டுகளைப் பதிய வேண்டியிருக்கும் பட்டியலாளர் எழுத்தை நோக்கி மொழியைத் துணிவது இயல்பே. அவ்வியல்பு எப்போது தீங்கு விளைவிக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இதற்குத் திருவாங்கூர் வரலாற்றிலிருந்தே நல்லதோர் ஒப்புமை கிடைக்கிறது. 1909ஆம் ஆண்டையொட்டிப் பத்மநாபபுரத்திற்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் த. கணபதி சாஸ்திரியார் சில நாடகங்கள் அடங்கிய ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார். அச்சுவடி மலையாள எழுத்தில் அமைந்தது. அந்நாடகங்களைப் பாசனுடையவை எனத் துணிந்து 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அவர் வெளியிட்டார். ஆசிரியர் யார் என்பது பற்றி அறிஞரிடையே நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. ஆனால் எழுத்து மலையாளம் என்பதனால் அந்நாடகங்களின் மொழியும் மலையாளம் என எவரும் கூறவில்லை. வடமொழிக்கும் மலையாளத்திற்கும் இடையிலுள்ள தொலைவு அத்தகைய மயக்கத்திற்கு இடங்கொடுக்கவில்லை.

அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல்களும் அவ்வாறே. அரபுத்தமிழ் என்னும் பெயரே எழுத்தையும் மொழியையும் தனித்தனியே சுட்டிவிடுகிறது. மலையாள எழுத்தில் அமைந்த தமிழ்ப் பனுவலுக்கு மட்டும் அவ்வாறான பெயர் ஏற்படவில்லை. இரு மொழிகளும் ஒரு மூலத்தினின்று கிளைத்து நெருங்கிய உறவோடு நிற்பதே காரணம். தொலைவிலுள்ள மொழிகளை எழுத்து மறைப்பதில்லை. அணித்தே உள்ள மொழிகளையே அது மறைக்கிறது. எனவே எல்லைப்பகுதிச் சுவடியைப் பொறுத்தவரை எழுத்தைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் மிகுந்த விழிப்புடன் கையாளப்பட வேண்டும்.

மலையாள எழுத்தில் தமிழை எழுதுதல் பாலக்காட்டில் அருகிய வழக்கும் அன்று. மலையாளவழிக் கல்வி பெற்ற தமிழ்க் குடும்பத்தினர் வீட்டில் தமிழ் பேசி, மலையாள எழுத்தில் எழுதுவது இன்றும் காணக்கூடியது. திருமணப் பாடல்களும் சாத்தா வழிபாட்டுப் பாடல்களும் இவ்வாறு எழுதிவைக்கப்பட்ட குறிப்பேடுகள் பல குடும்பங்களில் உள்ளன. இவை நூலகத்தை அடையும்போது எப்பெயரால் அடையும் என்பதே வினா.

3. ஆடல்பற்று: ஒரு சான்று

இச்சிக்கலை முழுமையாக விளக்கவல்ல சான்று தோற்பாவைக் கூத்து. பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்குப் பகுதியான ஒற்றப்பாலம், சோரனூர் வட்டாரங்களிலும், அவற்றையடுத்த திருச்சூர், மலப்புரம் மாவட்டப் பகுதிகளிலும் பகவதி கோயில்களையொட்டி இக்கூத்து நிகழ்கிறது. இதற்கெனக் கூத்துமாடம் என்னும் நிலையான அரங்கு கட்டப்பட்டிருக்கும். மாடத்தில் திரை கட்டி, அதன் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, மான்தோலாலான பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்து புலவர்கள் இராமகதையை நிகழ்த்துவர். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணமுடியாத பத்திரகாளிக்காக இக்கூத்து நிகழ்த்தப்படுவதாக மரபு கூறும். கோயிலுக்கேற்ப 7, 14, 21 எனப் பல இரவுகள் நீளும்.

இக்கூத்தில் பாடப்படும் செய்யுட்களுள் பெரும்பாலானவை கம்பனுடையவை. செய்யுளைப் பாடியபின் புலவர் அதற்கு உரை கூறுவார். பாத்திரங்கள் உரையாடுவனவாகவும் அவ்வுரை விரியும். உரைப்பகுதியில் தமிழும் மலையாளமும் வடசொற்களும் விரவி வரும். செய்யுளையும் கதைப்போக்கையும் உள்ளடக்கிய இப்பனுவல் ஆடல்பற்று எனப்படும். புலவர் குடும்பங்களில் ஓலையாகவும் கையெழுத்துக் குறிப்பேடாகவும் மலையாள எழுத்தில் இது பேணப்பட்டு வருகிறது. இம்மரபை உருவாக்கியவர் சின்னத்தம்பிப் புலவர் எனக் கூத்தர் கூறுவர்.

கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையை வெளியுலகறியச் செய்தவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மசிறீ விருது பெற்றார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் களப்பணியின் அடிப்படையில் எழுதிய ஆங்கில நூல் 1996இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இக்கூத்தைக் கம்பராமாயணத்தின் வாழ்வில் ஒரு படிநிலையாகக் கண்டு, செய்யுளையும் உரையையும் இணைத்து மொழிபெயர்த்தமை அந்நூலின் சிறப்பு.

இத்தகைய ஆடல்பற்று ஏடொன்று பல்கலைக்கழக நூலகத்திற்கு வந்து சேர்வதாகக் கொள்வோம். பாலக்காட்டு மாவட்டம் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குவது. அப்பல்கலைக்கழக மலையாளத் துறையில் துஞ்சன் சுவடிக் காப்பகம் இயங்குகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் காரியவட்டத்தில் உள்ளன. தமிழ்நாட்டு நூலகம் ஒன்றனையும் அவ்வேடு அடையக்கூடும். ஒவ்வோரிடத்திலும் அதனை எதிர்கொள்ளக்கூடிய தீர்ப்பு வேறுபடும். எழுத்தை மட்டும் நோக்கும் பட்டியலாளர் மலையாளம் என்பார். கம்பன் செய்யுளை இனங்கண்டவர் தமிழ் என்பார். உரைப்பகுதியைப் படித்தவர் கலப்புமொழி என்பார். மூன்றும் ஓரளவு உண்மையே. ஒரே கட்டத்தில் ஒரே மொழிப்பெயரை எழுதவேண்டும் என்னும் கட்டாயமே மூன்றனுள் இரண்டை அழிக்கிறது.

4. மொழியைத் துணியும் சான்றுகள்

எழுத்தை விடுத்து எதனைக் கொண்டு மொழியைத் துணிவது? மலையாள இலக்கண மரபே இதற்குக் கருவி தருகிறது. ஏ. ஆர். இராஜராஜ வர்மா தம் கேரளபாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) தமிழினின்று மலையாளம் வேறுபட்டதைக் காட்ட ஆறு நயங்களை வகுத்தார். அவை அனுநாசிகாதிப்பிரசரம், தவர்க்கோபமர்தம், சுவரசம்வரணம், புருஷபேதநிராசம், கிலோபசங்கிரகம், அங்கபங்கம் என்பன. மலையாளத் தோற்றம் பற்றிய அவருடைய கொள்கை பின்னர்ப் பலவாறு மறுக்கப்பட்டுள்ளது. எனினும் மொழி வேறுபாட்டை இனங்காணும் உரைகற்களாக இவை பயன்படுவதற்கு அம்மறுப்புகள் தடையாகா.

ஆயின் இவ்வாறும் ஒத்த வலிமையுடையன அல்ல என்பது ஈண்டு வற்புறுத்தத்தக்கது. மலை என்பது மல என நிற்பதைக் கொண்டு மலையாளம் எனத் துணிதல் கூடாது. ஈற்று ஐகாரம் திரிந்து ஒலித்தல் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் உண்டு. அடைந்து என்பது அடஞ்ஞு என மலையாளத்தில் திரிவது போலவே தமிழ்ப் பேச்சில் அடைஞ்சு என அண்ணவினமாகத் திரிகிறது. ஆகவே அண்ணச்சாயல் மட்டும் மொழியை உறுதிசெய்யாது. மாறாக, மாங்காய் என்பது மாங்ங எனவும், கஞ்சி என்பது கஞ்ஞி எனவும் மெல்லினம் இரட்டித்தல் வலிமையான சான்று. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் பால்காட்டும் ஈறுகள் நீங்கி வந்நு என ஒன்றாதல் அதனினும் வலியது. வினைமுற்றுகள் ஈறு பெற்றுள்ளனவா என்பதை ஏட்டின் சில பக்கங்களில் எண்ணிப் பார்ப்பது, எழுத்தை நோக்குவதினும் நம்பகமான வழி.

எழுத்தமைப்பு விளைவிக்கும் தோற்ற வேறுபாடுகளையும் களைந்துகொள்ள வேண்டும். மலையாள எழுத்தில் தந்நகரத்திற்கும் றன்னகரத்திற்கும் ஒரே வடிவம். ஆதலின் ஏட்டில் அவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றுவது மொழித் திரிபாகாது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படாமை தமிழ், மலையாள ஏடுகள் இரண்டிற்கும் பொதுவான மரபு. மறுபுறம், வல்லினத்தின் ஒலிப்புடை வடிவங்களுக்கு மலையாளத்தில் தனி எழுத்துண்டு. ஒரு தமிழ்ச் சொல்லின் இடைநிலைக் ககரத்தை எழுதுவோர் ஒலிப்புடை எழுத்தால் எழுதியிருப்பின், அது தமிழ் எழுத்துப்படியில் கிடைக்காத ஒலியியற் சான்றாகும். இத்தகைய ஏட்டைத் தமிழ் எழுத்தில் படியெடுத்துவிட்டு மூலத்தைப் புறக்கணித்தலும் இழப்பே.

செய்யுட் பகுதிக்கு யாப்பு மற்றொரு சான்று. நான்கடி விருத்தத்தில் மூன்றடிகளின் எதுகை ஒத்துநிற்க, ஓரடியில் மட்டும் மெல்லினத் திரிபு புகுந்து எதுகை சிதைந்திருப்பின், அது மூலத்தின் இயல்பன்று. படியெடுத்தோர் நாவின் வழக்கு என்பது தெளிவு.

இவ்வகையில் மொழியையும் யாப்பையும் எழுத்தையும் சேர்த்தெண்ணிய முன்னோடி நூல் 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் லீலாதிலகம். பாட்டு என்னும் இலக்கிய வகைக்குத் திராவிட எழுத்து வரையறை, எதுகை, மோனை முதலியவற்றை அது இலக்கணமாக்குகிறது. இராமசரிதம் போன்ற நூல்களின் மொழி பற்றி எழுந்த நீண்ட வாதங்களுக்கு இவ்வரையறையே களமாயிற்று. கே. எம். ஜார்ஜ் 1956இல் இராமசரிதத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கி ஆங்கில நூல் வெளியிட்டார். அறிஞர் பல்லாண்டு வாதிட்ட ஒன்றனைப் பட்டியற் கட்டத்தில் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் நூலகரிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கதன்று. அவ்வாறு முடித்துவிடாதிருத்தலே எதிர்பார்க்கத்தக்கது.

5. பகுப்பெண்ணும் தலைப்பும்

பதிவில் எழுதப்படும் மொழிப்பெயர் ஒரு குறிப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது நூலின் இடத்தையும் அகரவரிசையையும் தீர்மானிக்கிறது. டூயி தசமப் பகுப்பில் தமிழிலக்கியத்தின் எண் 894.811, மலையாள இலக்கியத்தின் எண் 894.812. ஈற்றிலக்கம் ஒன்று மாறினால் நூல் வேறோர் அடுக்கிற்குச் செல்கிறது. முதலடுக்கை மட்டும் தேடுவோர் இரண்டாம் அடுக்கிலுள்ளதை அறியார்.

உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இவ்விலகல் மேலும் வளர்கிறது. தமிழ் எனக் கொண்டால் இராமாயணம் என்னும் சொல் இகரத்தின் கீழ் வரிசைப்படும். மலையாளம் எனக் கொண்டால் ரகரத்தின் கீழ்ச் செல்லும். காண்டம் என்னும் சொல்லின் டகரம் தமிழ்ப் பெயர்ப்பு விதியில் ஒலிப்பிலா எழுத்தாலும், மலையாள விதியில் ஒலிப்புடை எழுத்தாலும் குறிக்கப்படும். ஒரே செய்யுளின் இரு படிகள் இரு நூலகங்களில் இருவேறு மொழிப்பெயர் பெறின், கணிப்பொறித் தேடலிலும் அவை சந்திப்பதில்லை.

தேடப்படாத நூல் எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதற்குப் பையன்னூர்ப் பாட்டு சான்று. ஹெர்மன் குண்டர்ட் 1872இல் வெளியிட்ட மலையாள ஆங்கில அகராதியில் இப்பழம்பாடலைச் சான்றாக எடுத்தாண்டார். ஆயினும் அதன் பனுவல் கேரள ஆய்வாளர் கைக்கு எட்டாமலே இருந்தது. 1986இல் ஸ்கரியா சக்கரியா செருமனியிலுள்ள டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் குண்டர்ட் விட்டுச்சென்ற சுவடிகளை ஆராய்ந்தபோது அது வெளிப்பட்டது, 1990களில் அச்சேறியது. 2018இல் அத்தொகுப்பு மின்படிகளாகப் பொதுவில் வைக்கப்பட்டது. சுவடி அழியாமற் காத்த நூலகத்தின் தொண்டு போற்றத்தக்கது. எனினும் இன்னது இங்குள்ளது என்னும் செய்தி உரியவரை எட்டும்வரை, காக்கப்பட்ட நூலும் இல்லாத நூலும் ஆய்வாளருக்கு ஒன்றே.

இடப்பெயர்க் குறிப்பிலும் இத்தகைய கவனம் வேண்டும். 1956க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிற்றூர் கொச்சி அரசுக்கும், தேவிகுளம், பீர்மேடு ஆகியன திருவாங்கூர் அரசுக்கும் உரியனவாக இருந்தன. பாலக்காட்டு மாவட்டம் 1957இலும் இடுக்கி மாவட்டம் 1972இலும் அமைந்தன. இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் எழுதினால் அக்கால ஆவணங்களோடும் அச்சுநூற் பட்டியல்களோடும் ஒப்பிடுதல் இயலாது. அன்றைய பெயரை மட்டும் எழுதினாலோ இன்றைய வாசகர் இடத்தை இனங்காணார். இரண்டும் வேண்டும்.

6. எழுத்தில்லாப் பனுவல்கள்

பாலக்காட்டுச் சிக்கல் எழுத்து மொழியை மறைப்பதால் எழுவது. இடுக்கியில் எழும் சிக்கலோ எழுத்தே இல்லாமையால் எழுவது. கட்டப்பனைக்கு அருகிலுள்ள கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் குடியினர் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக நிகழ்த்துகின்றனர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்தம் மரபு. முதுவான் குடியினரும் அவ்வாறே கூறுவர். இவர்கள் பேச்சு தமிழின் கிளைமொழியா, மலையாளத்தின் கிளைமொழியா, தனிமொழியா என்பதில் கருத்து வேறுபாடுகள் உள. பாலக்காட்டு அட்டப்பாடியில் வழங்கும் இருளர் மொழி பற்றியும் அத்தகைய வினா இருந்தது. கமில் சுவெலபில் 1973 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் அதனைத் தனிமொழியாகவே விளக்கினார்.

இக்கூத்துகளின் ஒலிப்பதிவுகளும் எழுத்துப்படிகளும் இன்று நூலகச் சேர்க்கைகளாகின்றன. ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுப்பவர் மலையாளம் கற்றவராயின் மலையாள எழுத்திலும், தமிழ் கற்றவராயின் தமிழ் எழுத்திலும் எழுதுவார். அந்த எழுத்துப்படியைக் கண்ட பட்டியலாளர் அவ்வெழுத்துக்குரிய மொழியைப் பதிவார். எழுதியெடுத்தவரின் பள்ளிக்கல்வி பாடியவரின் மொழியாகிவிடுகிறது. இதனினும் பெரிய முறைப்பிறழ்வு பட்டியற் பணியில் இருத்தல் அரிது.

இங்கு ஏற்கெனவே உள்ள குறியீடுகளும் போதியன அல்ல. நூலகப் பதிவுகளில் நெடுநாளாகக் கையாளப்படும் மூன்றெழுத்து மொழிக் குறியீடுகளில் தமிழும் மலையாளமும் தனித்தனிக் குறியீடு பெற்றுள்ளன. ஏனைய பல திராவிட மொழிகள் பொதுக் குறியீடு ஒன்றனுள் அடக்கப்பட்டுள்ளன. மன்னான், முதுவான் ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடு வழங்கும் விரிவான பன்னாட்டுத் தரம் பின்னர் வந்துள்ளது. பொதுக் குறியீட்டை எழுதிவிட்டு அமையாமல், விரிவான குறியீட்டையும் குடியினர் தம் பேச்சுக்கு வழங்கும் பெயரையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்.

7. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாறு கூறுவது பட்டியலாளரை மொழியியலாளராக்க முயல்வதாகும் என்பது முதல் மறுப்பு. பல்லாயிரம் கட்டுகள் பதிவுக்குக் காத்திருக்கையில் ஒவ்வொன்றிலும் வினையீறுகளை எண்ணிக்கொண்டிருக்க இயலாது என்பர். இது பொருளுடைய மறுப்பே. ஆனால் எல்லாக் கட்டுகளுக்கும் இம்முறை வேண்டுவதில்லை. எழுத்தும் கிடைத்த இடமும் ஒன்றுக்கொன்று ஐயம் எழுப்பும் இடங்களில் மட்டும் போதும். ஐயத்தைத் தீர்க்க நேரமில்லையாயின், ஐயம் உண்டு என ஒரு தொடர் எழுதிவைக்கலாம். துணிந்து எழுதிய பிழையினும் ஐயுற்று எழுதிய உண்மை பின்வருவோருக்குப் பயன்படும்.

இரண்டாவது மறுப்பு மொழியுரிமை பற்றியது. மலையாளச் சுவடிகளைத் தமிழாக்கிக்கொள்ளும் முயற்சியாக இது முடியும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. பழைய மலையாளப் பனுவல்கள் அனைத்தையும் தமிழ் என உரிமை கொண்டாடும் போக்கு தமிழறிஞர் சிலரிடம் காணப்பட்டதுண்டு. எழுத்தை நோக்கி மலையாளம் என்பது பிழையாயின், சொற்களின் பழமையை நோக்கித் தமிழ் என்பதும் பிழையே. ஆடல்பற்றின் உரைப்பகுதி மலையாள மொழி வரலாற்றுக்கும் சான்று. அதனை நிகழ்த்துவோர் மலையாள நாட்டில் வாழ்ந்து மலையாளம் பேசுவோர். பதிவில் இரு மொழிகளும் இடம்பெறின் உரிமைப் பூசலுக்கே இடமில்லாமற் போகிறது.

தமிழ்ப் பதிப்பு மரபின்மீதும் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. கம்பராமாயணப் பதிப்புகளில் மூலமெனத் துணியப்படாத செய்யுட்கள் மிகைப்பாடல்கள் எனத் தனியே ஒதுக்கப்படுகின்றன. ஆசிரியர் பாடத்தைத் தேடும் பதிப்புக்கு அம்முறை தேவையே. ஆனால் கூத்தின் பாடத்தை அதே அளவுகோலால் அளந்து, சிதைந்த கம்பன் எனத் தள்ளுதல் முறையன்று. அது சிதைந்த பிரதியன்று, பயன்பாட்டிலுள்ள பிரதி. எச்செய்யுள் பாடப்பட்டது, எது விடப்பட்டது, எது புதிதாகச் சேர்ந்தது என்பன கம்பன் எவ்வாறு கேட்கப்பட்டான் என்பதற்கான சான்றுகள். இவ்வேட்டைக் கம்பராமாயணம் என்று மட்டும் பதிவதும் ஒருவகை மறைப்பே. கூத்தர் வழங்கும் ஆடல்பற்று என்னும் பெயரே பதிவின் முதற்பெயராதல் வேண்டும்.

8. பதிவின் அமைப்பு

மேற்கூறியவற்றால் பெறப்படும் முறை புதியதன்று. உள்ள கருவிகளை முழுமையாகப் பயன்படுத்துவதே. 2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடி இயக்கத்தின் தரவுப் படிவத்தில் மொழிக்கும் எழுத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. மார்க் 21 பதிவமைப்பில் 008ஆம் புலம் ஒரே ஒரு மொழிக் குறியீட்டை ஏற்கும். ஆனால் 041ஆம் புலம் பல குறியீடுகளை ஏற்கும். 546ஆம் புலத்தில் மொழி பற்றிய விளக்கத்தையும் எழுத்தின் பெயரையும் எழுதலாம். 880ஆம் புலத்தில் தலைப்பை வேற்றெழுத்து வடிவிலும் தரலாம். 008ஐ நிரப்பியதோடு நின்றுவிடுவதே குறை.

ஆடல்பற்று ஏடொன்றுக்குரிய பதிவு பின்வரும் செய்திகளைக் கொண்டிருத்தல் வேண்டும். பெயர், கூத்தர் வழங்கியவாறு, தமிழ், மலையாளம் ஆகிய இரண்டு எழுத்துகளிலும். எழுத்து: மலையாளம். மொழி, பகுதிவாரியாக: செய்யுள் தமிழ், உரை தமிழும் மலையாளமும் விரவியது. மொழியைத் துணிந்தமைக்குரிய சான்று ஒரு தொடரில். செய்யுட்களுள் இனங்காணப்பட்டவற்றின் காண்டமும் படலமும். பயன்பாடு: கூத்துமாடத்தில் நிகழ்த்துதற்கு அல்லது கற்பித்தற்கு. கிடைத்த இடம், பழைய ஆட்சிப்பிரிவும் இன்றைய மாவட்டமும். பகுப்பெண் ஒன்றாயினும் பொருள் தலைப்புகள் இரு இலக்கியங்களின் கீழும். இவையனைத்தும் ஒரு பக்கத்துள் அடங்குவன.

9. மொழிபெயர்ப்பாளருக்கு இதனாற் பயன்

பகுதிவாரியான மொழிக் குறிப்பு மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது. கூத்தில் செய்யுள் உயர்ந்த தமிழில் ஒலிக்க, உரை அதனைக் கேட்போர் வழக்கிற்கு இறக்கிவைக்கிறது. அதாவது மூலத்தினுள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்கிறது. பதிவு இப்பனுவலை ஒருமொழிப் பனுவலாகக் காட்டின், மொழிபெயர்ப்பாளர் இரு பகுதிகளையும் ஒரே நடையில் பெயர்த்துவிடக்கூடும். செய்யுளுக்கும் உரைக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு பெயர்ப்பில் மறையும். மலையாளத்தில் பெயர்ப்போருக்கு உரையின் பெரும்பகுதியைப் பெயர்க்கவேண்டுமா, எழுத்துமாற்றம் மட்டும் போதுமா என்னும் வினா எழும். தமிழில் பதிப்பிப்போருக்கு அவ்வினா தலைகீழாக எழும். எங்கே மொழி மாறுகிறது என்பதை ஏட்டெண்ணோடு சுட்டும் பதிவு இவ்விருவருக்கும் தொடக்கப்புள்ளி தருகிறது.

10. முடிவுரை

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்றுள்ளது. வாழும் மக்களுக்கு ஏற்கப்பட்ட இவ்வேற்பு, அவர்தம் முன்னோர் எழுதியும் பாடியும் வைத்தவற்றுக்கும் பட்டியலில் கிடைத்தல் முறை. அதனை வழங்கச் சட்டமோ பெருநிதியோ வேண்டுவதில்லை. எழுத்து, மொழி, பயன்பாடு ஆகிய மூன்றையும் மூன்று கட்டங்களில் எழுதும் கவனமே வேண்டும்.

கூத்தர் குடும்பங்களில் ஏடு படிக்கவல்ல முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்வழியாக விளக்கும்போதே ஏட்டின் மொழி மாறும் இடங்களைக் குறித்துவைத்தல் எளிது. பின்னர் அது நீண்ட ஆய்வாகிவிடும். ஆகவே அரிய நூல் நூலகர் ஏடு வந்து சேரும்வரை தம் அறையிற் காத்திராது, ஏடு உள்ள இடத்திற்குச் சென்று, அதனைப் படிப்பவர் பக்கத்தில் அமர்ந்து பதிவை எழுதுதல் நன்று. மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் துணைநிற்பின், அப்பதிவு பட்டியலாக மட்டுமன்றி, இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு மரபின் முதல் ஆய்வாகவும் அமையும்.